பெயின்ட் ஆலையிலிருந்து வந்த கணக்கு: ஒரு மேலாண்மைப் பள்ளியின் பின்னணி

1950களின் தொடக்கம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் ஒரு பெயின்ட் ஆலை. அதன் மேலாளர்களுக்கு மாதாமாதம் வந்து நிற்கும் கேள்விகள் இரண்டு: இந்த மாதம் எவ்வளவு பெயின்ட் தயாரிப்பது, எத்தனை பேரை வேலையில் வைத்துக்கொள்வது? ஆர்டர் ஏறும்போது ஆள் எடுத்தால் பழக்கிவிடச் செலவு. இறங்கும்போது அனுப்பினால் அதற்கும் ஒரு செலவு. இருப்பவர்களை வைத்தே சமாளித்தால் ஓவர்டைம். முன்கூட்டியே தயாரித்து அடுக்கினால் பணம் குடோனில் முடங்கும். சரக்கு தீர்ந்தாலோ கேட்டு வந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ் நிறுவனத்தின் ஆலை அது. அதே ஊரில் இருந்த கார்னகி தொழில்நுட்பக் கழகத்தின் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த நான்கு பேர் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள்: சார்லஸ் ஹோல்ட், ஃபிராங்கோ மொடிக்லியானி, ஜான் மூத், ஹெர்பர்ட் சைமன். ஆலையின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டினார்கள். சரக்கு இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போனால் எவ்வளவு நஷ்டம் என்பது போல எந்தப் புத்தகத்திலும் இல்லாத செலவுகளை மேலாளர்களிடமே கேட்டு மதிப்பிட்டார்கள். கடைசியில் அவர்கள் கொடுத்தது, காகிதமும் பென்சிலும் இருந்தால் சில நிமிடங்களில் போட்டுவிடக்கூடிய இரண்டு சூத்திரங்கள்.

உற்பத்திக்கான சூத்திரம் இப்படிப் போகும். இந்த மாத ஆர்டரை 0.463ஆல் பெருக்கு. அடுத்த மாதம் எதிர்பார்க்கும் ஆர்டரை 0.234ஆல், அதற்கடுத்த மாதத்தை 0.111ஆல் பெருக்கிக் கூட்டு. இப்படியே பன்னிரண்டு மாதம். கையிலிருக்கும் சரக்கை 0.464ஆல் பெருக்கிக் கழி. வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கைக்கு ஒரு உறுப்பு, ஒரு மாறிலி, அவ்வளவுதான். இந்த எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஆலையின் இயல்பே தெரிகிறது. ஐந்தாறு மாதம் தள்ளியிருக்கும் ஆர்டருக்குக் கிடைக்கும் எடை கிட்டத்தட்ட பூஜ்யம். எவ்வளவு தூரம் முன்னே பார்த்தால் போதும் என்பதை ஆலை தன் செலவுகளின் வழியாகத் தானே சொல்கிறது. ஆட்களுக்கான சூத்திரத்தில் போன மாதம் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கு 0.743 என்ற எடை. ஆர்டர் ஒரு மாதம் சரிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பும் பதற்றம் அதில் இல்லை.

அதே சமயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆளை நீக்குவதால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு மட்டும்தான் அந்தச் சமன்பாட்டில் இருக்கிறது. நீக்கப்பட்டவரின் வீட்டுக்கு ஆகும் செலவு இல்லை. கணக்கு தவறு என்று இதற்குப் பொருளில்லை. எதைச் செலவு என்று எழுதிக்கொள்கிறோமோ அதைத்தான் அது குறைக்கும். இந்தப் பள்ளியைப் பற்றி எதை வாசித்தாலும் இந்த நினைப்பு கூடவே இருப்பது நல்லது.

அந்தப் பள்ளியின் இன்றைய பெயர், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டெப்பர் மேலாண்மைப் பள்ளி. எம்பிஏவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மத்தியில் அதற்கு 'கணக்குப் பள்ளி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சிகாகோ, எம்ஐடி பள்ளிகளுக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. நம் நாட்டில் அந்தப் பெயர் ஐஐஎம் கல்கத்தாவுக்கு உண்டு. அகமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை நின்றது போல, கல்கத்தாவுக்குத் தொடக்க காலத்தில் துணை நின்றது எம்ஐடியின் ஸ்லோன் பள்ளி. ஆனால் இந்தப் போக்கு முழு வேகத்தில் உருவான இடம் பிட்ஸ்பர்க்தான் என்பது என் கருத்து. அங்கே கணிதம் ஒரு பாடமாக மேலிருந்து இறங்கி வரவில்லை. ஆலையிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் முளைத்து வகுப்பறைக்கு வந்தது.

1949ல் வில்லியம் லாரிமர் மெலன் 60 லட்சம் டாலர் கொடுத்தார். கல்ஃப் ஆயில் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். எஃகும் கண்ணாடியும் நிலக்கரியும் நிறைந்த நகரத்தில், பொறியியல் படித்தவர்களை நிர்வாகிகளாக்க ஒரு பட்டமேற்படிப்புப் பள்ளி வேண்டும் என்பது நோக்கம். அதனால்தான் அங்கே பல ஆண்டுகள் கொடுத்த பட்டத்துக்கு எம்பிஏ என்று பெயர் இல்லை. தொழில் நிர்வாகத்தில் முதுநிலை அறிவியல் பட்டம் என்றுதான் கொடுத்தார்கள். அன்றைய அமெரிக்க வணிகக் கல்லூரிகள் பலவற்றின் நிலைமை மோசமாக இருந்தது. கணக்கு எழுதுவது, விளம்பரம் செய்வது என்று தொழில் பழக்கும் இடங்களாகவே அவை இருந்தன. ஃபோர்டு அறக்கட்டளைக்காக 1959ல் வெளியான பெரிய ஆய்வறிக்கை அதைக் கடுமையாகச் சொன்னது. அந்த அறக்கட்டளை மற்றப் பள்ளிகளுக்கு முன்மாதிரியாகக் காட்டிய இடங்களில் பிட்ஸ்பர்க்கும் ஒன்று.

முதல் டீன் ஜார்ஜ் லேலண்ட் பாக், பொருளாதார அறிஞர். அவர் சேர்த்த ஆட்களைப் பாருங்கள். வில்லியம் கூப்பர் இளம் வயதில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரராக இருந்தவர். ஹெர்பர்ட் சைமன் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, அலுவலகங்களில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று ஆராய்ந்தவர். கணித மேதை ஆப்ரஹாம் சார்ன்ஸ், கூப்பரோடு இணைபிரியாமல் வேலை செய்தார். இருவரும், கல்ஃப் ஆயிலில் இருந்த இன்னொரு மெலனும் சேர்ந்து 1952ல் விமான பெட்ரோல் கலவை பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பல தரத்திலான எண்ணெய்களை எந்த விகிதத்தில் கலந்தால் தரமும் குறையாமல் லாபமும் கூடும் என்பதுதான் கேள்வி. பல நிபந்தனைகளுக்குள் மிகச் சிறந்த விடையைத் தேட ஜார்ஜ் டான்ட்சிக் 1947ல் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் என்ற கணித முறை, ராணுவத் திட்டமிடலைத் தாண்டி ஒரு தொழிற்சாலையின் அன்றாட வேலைக்குப் பயன்பட்ட மிக ஆரம்ப கால உதாரணங்களில் அது ஒன்று. இன்று பொறியியல் கல்லூரியில் ஓ.ஆர். (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) பேப்பர் எழுதுகிற ஒவ்வொரு மாணவரும் போடும் கலவைக் கணக்கின் மூதாதை.

கூப்பரும் சார்ன்ஸும் பின்னாளில் செய்த இன்னொரு வேலையும் நினைவில் வைக்க வேண்டியது. ஏழைக் குழந்தைகளுக்கான அமெரிக்க அரசின் கல்வித் திட்டம் ஒன்றை மதிப்பிட வேண்டியிருந்தது. எந்தப் பள்ளி கொடுத்த வளத்தை நன்றாகப் பயன்படுத்துகிறது? அங்கே லாபம் என்ற அளவுகோலே கிடையாது. மதிப்பெண், தன்னம்பிக்கை என்று பலவகைப் பலன்கள். ஒன்றை இன்னொன்றோடு கூட்ட முடியாது. எட்வர்டோ ரோட்ஸ் என்ற ஆய்வு மாணவரோடு சேர்ந்து 1978ல் அவர்கள் வெளியிட்ட முறை, ஒவ்வொரு பள்ளிக்கும் அதற்குச் சாதகமான எடைகளையே கொடுத்துப் பார்க்கும். அப்படியும் பின்தங்கினால் மட்டுமே அதைக் குறை சொல்லும். மருத்துவமனை, வங்கிக் கிளை, மின்வாரியம் என்று உலகம் முழுக்க இன்று அந்த முறை பயன்படுகிறது. எண்ணை வைத்து மனிதர்களை அளக்கும்போது காட்ட வேண்டிய நியாயம் அந்தச் சமன்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

சரி, பெயின்ட் ஆலைக் குழுவுக்கு வருவோம். அந்த நால்வருக்குள் நடந்ததுதான் இந்தப் பள்ளியின் உண்மையான கதை.

ஒரே ஆலையை ஒரே புள்ளிவிவரங்களோடு பார்த்த இரண்டு பேர் நேர் எதிரான முடிவுகளுக்குப் போனார்கள். சைமனுக்குத் தெரிந்தது மனிதனின் எல்லை. எந்த மேலாளராலும் எல்லா வழிகளையும் யோசித்து, எல்லா விளைவுகளையும் கணக்கிட்டு, மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது. நேரம் போதாது, தகவல் போதாது, மூளையும் போதாது. அதனால் 'இது போதும்' என்கிற அளவுக்கு ஒரு வழி கிடைத்ததும் தேடலை நிறுத்துகிறான். 1955ல் சைமன் எழுதிய கட்டுரையின் சாரம் இது. 1978ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்ததும் முடிவெடுத்தல் பற்றிய இந்த ஆய்வுகளுக்காகத்தான்.

மூத்துக்குத் தெரிந்தது வேறு. விவசாயிகள் இந்த வருட விலையைப் பார்த்து அடுத்த வருடப் பயிரை முடிவு செய்கிறார்கள், அதனால் விலை ஏறுவதும் விழுவதுமாகவே இருக்கிறது என்று பழைய பொருளாதாரம் சொல்லிவந்தது. அப்படியென்றால் வருடா வருடம் எல்லோரும் ஒரே பக்கமாகவே ஏமாறுகிறார்களா? அந்தத் தவறு அவ்வளவு ஒழுங்காக நடந்தால் யாராவது ஒருவர் அதைக் கவனித்துப் பணம் பண்ணியிருப்பாரே. தனித்தனி ஆட்கள் தவறலாம், ஆனால் சராசரியாக மக்களின் எதிர்பார்ப்பு நல்ல கோட்பாடு சொல்லும் கணிப்போடு ஒத்துப்போகும் என்று 1961ல் மூத் எழுதினார். முதலில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பத்தாண்டு கழித்து, அதே பள்ளியில் இருந்த ராபர்ட் லூகாஸ் அதை எடுத்து நாட்டுப் பொருளாதாரத்துக்கே பொருத்தினார். அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற ஃபின் கிட்லண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1977ல் இன்னொரு படி போனார்கள். பணவீக்கத்தைக் கட்டுப்படுத்துவோம் என்று அரசு வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறும் என்று மக்கள் எதிர்பார்த்தால், அந்த வாக்குக்கே மதிப்பில்லை. ஆகவே முடிவெடுப்பவர்களின் கையை முன்கூட்டியே விதிகளால் கட்ட வேண்டும் என்றார்கள். 2016ல் சட்டத்திருத்தம் வழியாக நம் ரிசர்வ் வங்கிக்கு 4 சதவீதப் பணவீக்க இலக்கு வந்ததே, அது இந்த வகைச் சிந்தனையின் தொலைதூரத் தொடர்ச்சி.

மூன்றாமவர் மொடிக்லியானி. அங்கேயே பேராசிரியராக இருந்த மெர்ட்டன் மில்லரோடு சேர்ந்து 1958ல், வரி போன்ற சிக்கல்கள் இல்லாத சந்தையில் ஒரு நிறுவனம் கடன் வாங்கி நடத்தினாலும் பங்கு விற்று நடத்தினாலும் அதன் மதிப்பு மாறாது என்று நிறுவினார். எம்பிஏ ஃபைனான்ஸ் வகுப்பில் முதல் மாதத்திலேயே வந்துவிடும் தேற்றம் அது. மொடிக்லியானிக்கு 1985லும் மில்லருக்கு 1990லும் நோபல்.

நாம் மறந்துவிடக்கூடாத இணைக்கோடு ஒன்று உண்டு. ரிச்சர்ட் சயர்ட்டும் ஜேம்ஸ் மார்ச்சும் இதே கட்டடத்தில் உட்கார்ந்து, நிறுவனம் என்பது ஒரே மூளை இல்லை, ஒன்றோடொன்று இழுபறி செய்யும் குழுக்களின் கூட்டு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். விற்பனைத் துறைக்கு ஒரு ஆசை, உற்பத்தித் துறைக்கு வேறொன்று, கணக்குத் துறைக்கு இன்னொன்று. அவர்களிடம் படித்த ஆலிவர் வில்லியம்சன் 2009ல் நோபல் வாங்கினார். ஆக, இந்தக் கணக்குப் பள்ளியிலிருந்துதான் கணக்கின் எல்லையைப் பற்றிய மிகக் கூர்மையான ஆய்வுகளும் வந்தன. 'கணக்குப் பள்ளி' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

இதே பள்ளியின் அடித்தளத்தில் 1956ல் ஐபிஎம் 650 கணினி ஒன்று வந்து இறங்கியது. முழுப் பல்கலைக்கழகத்துக்கும் அதுதான் முதல் கணினி. அந்த வருட ஜனவரியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் தானும் ஆலன் நியூவெல்லும் சிந்திக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக சைமன் வகுப்பில் அறிவித்தார். தர்க்கத் தேற்றங்களை நிறுவும் நிரல் அது. வகுப்பில் இருந்த மாணவர்களில் ஒருவரான எட்வர்ட் ஃபைகன்பாம் பின்னாளில் கணினித் துறையின் உயரிய டூரிங் விருது பெற்றார். நியூவெல்லும் சைமனும் 1975ல் அதே விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். நியூவெல், ஃபைகன்பாம் இருவரின் முனைவர் பட்டமும் இந்த மேலாண்மைப் பள்ளியில் வாங்கியது. இன்றைய செயற்கை நுண்ணறிவின் குடும்ப மரத்தில் ஒரு பிசினஸ் ஸ்கூல் இத்தனை அருகில் இருப்பது பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்ற கேள்விதான் இரண்டுக்கும் பொது.

கணினி வந்ததும் கற்பிக்கும் முறையும் மாறியது. 1950களின் இறுதியில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு நிர்வாக விளையாட்டை உருவாக்கினார்கள். சோப்புத்தூள் சந்தையில் மூன்று கம்பெனிகள். மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து அவற்றை நடத்த வேண்டும். விலை, விளம்பரம், உற்பத்தி, கடன் என்று முடிவுகளை எழுதிக் கொடுத்தால் கணினி அடுத்த மாத நிலவரத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஹார்வர்டில் நடந்து முடிந்த ஒரு நிறுவனத்தின் கதையை வாசித்து விவாதிப்பார்கள். இங்கே போன மாதம் எடுத்த தப்பான முடிவோடு இந்த மாதமும் வாழ்ந்தாக வேண்டும். பல தலைமுறைகளாகப் பல வடிவங்களில் அந்த விளையாட்டு அங்கே தொடர்ந்து வந்திருக்கிறது.

அப்புறம் ஈகான் பாலாஸ். இவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பள்ளியைப் பற்றி எழுதுவதே முறையல்ல. ருமேனியாவின் க்ளூஜ் நகரில் 1922ல் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரின்போது தலைமறைவுக் கம்யூனிஸ்ட். 1944ல் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாகித் தப்பினார். போருக்குப் பிறகு தூதரக அதிகாரியாக லண்டன் போனார். பிறகு தன் கட்சியின் ஆட்சியே அவரை 1952ல் சிறையில் தள்ளியது. இரண்டாண்டுக்கு மேல், பெரும்பாலும் தனிமைச் சிறை. வெளியே வந்து பொருளாதாரம் எழுதினார், அதற்கும் தடை. 40 வயதை நெருங்கும்போது கணிதத்தின் பக்கம் திரும்பினார். மரத் தொழிலுக்கான திட்டமிடல் வேலையில் எதிர்ப்பட்ட சிக்கல்கள்தான் அவரை அங்கே கொண்டு சேர்த்தன. 1966ல் நாட்டை விட்டு வெளியேறி, 1967ல் பிட்ஸ்பர்க் வந்து சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்டது 'ஆம் அல்லது இல்லை' வகைக் கணக்குகள். பெட்ரோல் கலவையில் ஒரு எண்ணெயை 37.4 சதவீதம் சேர்க்கலாம். ஆனால் ஒரு கிடங்கை 37.4 சதவீதம் திறக்க முடியாது. திறக்கிறோம் அல்லது இல்லை. 30 இடங்களில் எங்கெல்லாம் கிடங்கு வைப்பது என்றால் 107 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண். விடை இருக்க வாய்ப்பில்லாத பகுதிகளை ஒரே வெட்டில் கழித்துக்கட்டும் வழிகளைப் பாலாஸ் தேடினார். 1974ல் அவர் எழுதிய அடிப்படையான ஆய்வறிக்கை முழுமையாக இதழில் அச்சாக 1998 வரை காத்திருந்தது! 1990களில் ஜெரார்ட் கார்னுயேஜோல்ஸ், செபாஸ்டியன் சேரியா ஆகியோரோடு சேர்ந்து அந்தச் சிந்தனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதோடு, நடைமுறைக்கு உதவாது என்று எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்த ரால்ஃப் கோமொரியின் 1958ஆம் ஆண்டு வெட்டு முறையை இவர்கள் 1996ல் மறுபடி சோதித்து, சரியாகப் பயன்படுத்தினால் அது பிரமாதமாக வேலை செய்கிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு வணிக மென்பொருட்கள் அதைச் சேர்த்துக்கொண்டன. விமான நிறுவனங்கள் பணியாளர் அட்டவணை போடுவதற்கும் மின்நிலையங்களை எப்போது இயக்குவது என்று முடிவு செய்வதற்கும் பயன்படும் மென்பொருட்களுக்குள் இன்றும் இவை ஓடுகின்றன. பாலாஸ் 2019ல், 96 வயதில் காலமானார்.

நம் பக்கத்திலிருந்து போனவர்களும் இந்தக் கதையில் உண்டு. சென்னை ஐஐடியில் படித்த வி. சீனிவாசன், 'சீனு' என்று துறையில் எல்லோருக்கும் தெரிந்தவர், இங்கே முனைவர் பட்டம் பெற்றார். பின்னாளில் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரான அவர், வாடிக்கையாளர் ஒரு பொருளின் எந்த அம்சத்துக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார் என்பதை லீனியர் புரோகிராமிங் (சிம்ப்ளெக்ஸ் முறை தீர்க்கும் வகைக் கணக்கு) வைத்து அளக்கும் முறையை 1973ல் ஆலன் ஷாக்கரோடு சேர்ந்து கொடுத்தார். விற்பனைத் துறைக்குள் பிட்ஸ்பர்க் கணக்கு நுழைந்த வழி அது. அதே சென்னை ஐஐடியில் படித்த ஸ்ரீதர் தையூர் இங்கே பேராசிரியர். சரக்கிருப்புக் கணக்கை ஒரே ஆலையோடு நிறுத்தாமல், மூலப்பொருள் தருபவரிலிருந்து கடைவரை நீளும் முழுச் சங்கிலிக்கும் கொண்டுபோனவர். 2000ல் அவர் தொடங்கிய ஸ்மார்ட்ஆப்ஸ் நிறுவனத்தை 2013ல் ஜெர்மன் மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி வாங்கியது.

இத்தனை சாதனைக்கும் ஒரு விலை இருந்தது. 1960களிலேயே பள்ளியின் உள்ளே விரிசல் தெரிந்தது. பொருளாதாரப் பக்கம் மூத், லூகாஸ் வழியே போய்க்கொண்டிருந்தது. அதில் தனக்கு இடம் சுருங்குவதாக உணர்ந்த சைமன், மெல்ல மெல்ல உளவியல் துறைக்கு நகர்ந்தார். அவர் 1967ல் வணிகப் பள்ளிகளின் அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் வாசிக்கத் தக்கது. ஆய்வையும் தொழிலையும் ஒரே பள்ளியில் சேர்ப்பது எண்ணெயையும் தண்ணீரையும் கலப்பது போன்றது. ஒருமுறை கலக்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது, விட்டால் இரண்டும் மறுபடி பிரிந்துவிடும் என்றார். ஆய்வாளர்கள் தங்கள் துறை இதழ்களுக்காக எழுதத் தொடங்கினால் தொழிற்சாலை மறந்துபோகும். தொழில் அனுபவம் மட்டுமே போதும் என்றால் பாடம் பழைய வழக்கங்களின் தொகுப்பாகிவிடும்.

பெரும்பாலான வணிகப் பள்ளிகளில் அவர் அஞ்சிய பிரிவு நடந்தேவிட்டது என்று நினைக்கிறேன். 1959 அறிக்கைக்குப் பிறகு எல்லாப் பள்ளிகளும் பிட்ஸ்பர்க்கைப் பார்த்துக் கணிதத்தை எடுத்துக்கொண்டன. பெயின்ட் ஆலைக்கு நடந்துபோகும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர் எம்பிஏ வகுப்புகளில் ஓ.ஆர். நடத்தப்படும் விதத்தைப் பார்த்தால் இது நன்றாகவே புரியும். அட்டவணை கொடுத்திருப்பார்கள், செலவு எண்களும் கொடுத்திருப்பார்கள், மாணவர் விடையை மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் செலவு எண்கள் எங்கிருந்து வந்தன, யாரிடம் கேட்டு எழுதியது, எது விட்டுப்போனது என்ற கேள்வி வருவதே இல்லை. ஹோல்ட் குழுவுக்கு முக்கால்வாசி வேலையே அதில்தான் இருந்திருக்கும்.

2004ல் அங்கே படித்த டேவிட் டெப்பர் 5.5 கோடி டாலர் கொடுத்ததை ஒட்டி பள்ளிக்கு அவர் பெயர் வந்தது. 2018ல் அவருடைய பெயரிலேயே பெரிய புது வளாகமும் திறந்தார்கள். கணினித் துறையோடும் பொறியியலோடும் நெருங்கிய உறவு அப்படியே இருக்கிறது.

தையூரின் பிற்கால வேலை ஒன்றைப் பார்த்தால், அந்தப் பழைய பழக்கம் முழுதாகப் போய்விடவில்லை என்று தெரிகிறது. அமெரிக்காவில் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் பகுதிக்குப் பகுதி பெரிதும் வேறுபட்டது. ஒரு பகுதியில் சீக்கிரம் கிடைக்கும், இன்னொன்றில் பல ஆண்டு ஆகும். ஒரே நோயாளி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெயர் பதிய விதி அனுமதித்தது. ஆனால் உறுப்பு கிடைத்ததாக அழைப்பு வந்தால் சில மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும், அதற்குத் தனி விமானம் வேண்டும். அந்த ஏற்பாட்டைக் குறைந்த செலவில் செய்து கொடுக்க 2011ல் ஆர்கன்ஜெட் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார். எந்த ஊரில் இரண்டாவதாகப் பெயர் பதிந்தால் நல்லது என்பது வரிசைக் கோட்பாட்டுக் கணக்கு, அதாவது காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய கணிதம். அந்த விமானச் செலவை யார் தருவது, பணமில்லாதவர் என்ன செய்வார் என்பது எந்தச் சூத்திரமும் தானாகச் சொல்லாத கேள்வி. 2021 மார்ச்சில் அந்நாட்டின் விதி மாறியது. பழைய எல்லைகளை நீக்கி, உறுப்பு தானம் நடக்கும் மருத்துவமனையைச் சுற்றி 250 கடல் மைல் வட்டத்துக்குள் இருக்கும் நோயாளிகளுக்கு முன்னுரிமை என்றார்கள். 250 ஏன், 150 அல்லது 500 ஏன் இல்லை என்று அதற்கு முன் நீண்ட வாதம் நடந்தது. ஒவ்வொரு தூரத்துக்கும் யாருக்கு எவ்வளவு லாபம், யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணினியில் ஓட்டிப் பார்த்து, அதை மேசையில் வைத்துக்கொண்டு மருத்துவர்களும் நோயாளிகளின் தரப்பினரும் வாதாடினார்கள்.